விட்ட இடம் தெரியாத பெட்டி

என் மேசைமேல் ஓர் ஓலைப்பெட்டி இருக்கிறது. பத்து முறுக்கு அடுக்கினால் நிறைந்துவிடும் அளவு. அடி சதுரம், வாய் வட்டம். பழைய தந்தத்தின் நிறத்தில் குருத்தோலை. இடுப்பில் மட்டும் வாடாமல்லி நிறத்தில் இரண்டு வரி. போன சித்திரையில், உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் பெரியம்மை வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது அவள் என் கையில் கொடுத்தாள்.

இதை முடைய அவளுக்கு ஐந்து நாள் ஆயிற்று. உட்கார்ந்து முடைந்த நேரத்தை மட்டும் கூட்டினால் ஒன்றரை நாள்கூட வராது. மீதியை வீடு எடுத்துக்கொண்டது. ஐந்து நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நாள், எத்தனை தடவை எழுந்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். விடியற்காலை நாலரைக்கு உட்கார்ந்தவள் எட்டு மணிக்குள் 11 தடவை எழுந்தாள். பால்காரர், பேரன், அடுப்பு, கோழி, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, மறுபடியும் பேரன். இப்போது பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட ஓலையில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியின் அழகு எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கோடை என்றால் நகரத்தில் இருப்பவர்களுக்கு விடுமுறை. பனங்காட்டில் அதுதான் ஆண்டின் வேலைக்காலம். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி நான்கு மாதமும் பனை சுரக்கும். பெரியம்மை மகன், என் அண்ணன், இருட்டோடு மரம் ஏறப் போய்விடுவான். முப்பது மரத்துக்குக் குறையாமல் ஏறி இறங்க வேண்டும். காலையில் கலயத்தில் சேர்ந்த பதநீரை இறக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளை சீவிவிட்டு வர வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் கண் அடைத்துப்போகும். அதனால் இந்த வேலைக்கு ஞாயிறு கிடையாது, திருவிழா கிடையாது. இறக்கிய பதநீர் வீட்டுக்கு வந்தவுடன் வடிகட்டி வட்டையில் ஊற்றித் தீ வைத்துவிட வேண்டும். கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளித்தான் போடும், நாள் முழுக்கக் காப்பாற்றாது. இரண்டு மூன்று மணி நேரம் கொதித்துக் கூழாகி, பதம் வந்து, சிரட்டையில் ஊற்றிய பிறகுதான் அது கருப்பட்டி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி எத்தனையோ அடுப்பங்கரைகள் இருக்கின்றன.

இதே நாட்களில்தான் பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். இதே நாட்களில்தான் அம்மன் கோவில் கொடை. இதே நாட்களில்தான் கல்யாணங்கள். கல்யாணம் என்றால் பெட்டி வேண்டும்: சீர்வரிசைக்கு மூடிபோட்ட பெரிய பெட்டி, தாம்பூலம் வைத்துக் கொடுக்கச் சின்னச் சின்னக் கொட்டான். கருப்பட்டியும் பெட்டியும் பிள்ளைகளும் விருந்தும் ஒரே வாசல் வழியாக ஒரே மாதத்தில் நுழைகின்றன. வீட்டில் இருக்கும் பெண்கள் இரண்டு பேர்: பெரியம்மையும் மதினியும். அவர்களுக்கு நாலு கைதான்.

ஓலைக்கும் ஒரு குணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெட்டி முடைய எடுப்பது முற்றிய பச்சையோலை அல்ல, இன்னும் விரியாமல் மரத்தின் நடுவில் வாள் மாதிரி நிற்கும் குருத்து. ஒரு பனை மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் புது ஓலை விடும். ஆகவே ஒரு மரத்தில் ஒரு குருத்து எடுத்தால் அடுத்ததை அந்த மரத்துக்கே விட்டுவிடுவார்கள். வெட்டிக் கொண்டுவந்த குருத்தைப் பிரித்தால் அறுபது எழுபது மடிப்பு, கைவிசிறியை மடித்து வைத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று. அதைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஓடும் ஈர்க்கை உருவிவிட்டால் கையில் மிஞ்சுவது மெல்லிய, நீளமான, நாணயத்தாள்போல சலசலக்கும் இலக்கு. அது காய்ந்திருக்கும்வரை முடைய முடியாது; மடித்தால் முறியும். தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, துவண்ட பிறகு எடுக்க வேண்டும்.

தேரிக்காட்டுச் சித்திரை வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? செம்மணல் பத்து மணிக்கே காலைச் சுடும் ஊர் அது. காற்றும் சூடு. துணியை விட்டு எடுத்த இலக்கு கண்முன்னாலேயே விறைக்கத் தொடங்கும். அதனால்தான் பெட்டி முடைச்சல் அங்கே விடிவதற்கு முன்பும் விளக்கு வைத்த பின்பும். அந்த இரண்டு நேரமும் வீட்டுக்கும் வேண்டிய நேரம் என்பதுதான் சிக்கல். காலையில் பதநீர் வரும் நேரமும் ஓலை துவளும் நேரமும் ஒன்று. இரவில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரமும் ஓலை துவளும் நேரமும் ஒன்று. நடுப்பகலில் பெரியம்மைக்குக் கை ஓயும், அப்போது ஓலை இணங்காது. அந்த நேரத்தை அவள் இலக்கு கிழிப்பதற்கு வைத்திருக்கிறாள். கிழிப்பதற்கு ஈரம் வேண்டாம். பேச்சும் நடக்கும், தூளியில் பேத்தியும் ஆடும், கால் விரலில் தூளிக்கயிறு, கையில் ஓலை.

கிழிப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கட்டையில் இரண்டு பிளேடைப் பதித்து வைத்துக்கொண்டு சர்ரென்று இழுப்பவர்கள் இப்போது உண்டு. மதினியும் அப்படித்தான் இழுக்கிறாள். வேகமும் அழகும் அதிலும் இருக்கிறது. பெரியம்மை வலது கட்டைவிரல் நகத்தைத்தான் நம்புகிறாள். அந்த ஒரு நகம் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம், தடிமன். இலக்கின் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல். பிறகு இரு பக்கமும் விரல்களால் பற்றி விலக்கினால், நார் போகிற வழியில் ஓலை தானே பிரிகிறது. பிளேடு நேர்க்கோட்டில் அறுக்கும். நாரைக் குறுக்கே வெட்டினாலும் அதற்குத் தெரியாது. நகம் நாரைப் பின்தொடரும். அப்படிப் பிரிந்த ஓலையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், பிசிறே இருக்காது. என் பெட்டி முழுக்க நகத்தால் கிழித்தது. கன்னத்தில் வைத்துத் தேய்த்தாலும் எங்கும் குத்தவில்லை.

இன்னொரு நுட்பத்தை நான் மூன்றாம் நாள்தான் கவனித்தேன். ஓலை அடியில் அகலம், நுனிக்குப் போகப் போக ஒடுக்கம். என்னதான் ஒரே அளவாகக் கிழித்தாலும் அந்த ஒடுக்கம் மயிரளவு மிஞ்சும். எல்லா இலக்குக்கும் அடிப்பக்கத்தை ஒரே திசையில் வைத்து முடைந்தால் பெட்டி ஒரு பக்கம் சாயும். பெரியம்மை ஒன்றை அடி மேலாகவும் அடுத்ததை நுனி மேலாகவும் வைத்துக்கொண்டே போகிறாள். கண்ணால் பார்த்துச் செய்வதில்லை. துணிக்குள் கைவிட்டு எடுக்கும்போதே விரல் அறிந்து எடுக்கிறது. ஒன்றின் குறையை அடுத்தது ஈடுகட்டிவிடுகிறது. என் பெட்டியை மேசையில் வைத்துக் கண்ணை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்கிறேன். வாய் ஒரு பக்கமும் சாயவில்லை.

முடைவது ஒரு பாய் பின்னுவதாகத்தான் தொடங்குகிறது. தரையில் இலக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்று விட்டு ஒன்று, கோத்துக்கொண்டே போனால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம் கிடைக்கும். இந்தச் சதுரத்தின் நாலு மூலையும்தான் பெட்டியின் நாலு மூலையாக மேலே எழும் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நடு இடம் எதுவோ, அதுதான் பெட்டிக்கு மூலை. அந்த நடுவில் இடப்பக்க ஓலையும் வலப்பக்க ஓலையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி மடக்கிக் கோத்தவுடன், இதுவரை தரையோடு படுத்துக் கிடந்த பாய் சட்டென்று எழுந்து நிற்கிறது. சதுரத்தின் பழைய மூலைகள் பெட்டியின் சுவரில் போய்க் கலந்துவிடுகின்றன. அதனால்தான் பெட்டியின் சுவரில் ஓலைகள் நேராக ஏறாமல் சாய்வாக ஏறுகின்றன, ஒரு கூட்டம் இடப்பக்கமும் ஒரு கூட்டம் வலப்பக்கமும். சாய்வாக ஏறுவதால்தான் சதுர அடியில் கிளம்பிய சுவர் மேலே போகப் போக நெகிழ்ந்து வட்டமாகிறது. சதுரம் எந்த இடத்தில் வட்டமாகிறது என்று விரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. பலமுறை தேடிவிட்டேன்.

இந்த மூலை திருப்பும் நேரம்தான் முடைச்சலில் ஆபத்தான நேரம். தட்டையாக இருக்கும்வரை ஓலைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு தரையில் கிடக்கும். எழுந்துபோய்த் திரும்பி வரலாம். நாலு மூலையும் திரும்பிவிட்டால் சுவர் சுற்றிவளைத்துத் தன்னையே கவ்விக்கொள்ளும், அப்போதும் எழுந்துபோகலாம். முதல் மூலைக்கும் நாலாம் மூலைக்கும் இடையில் பெட்டிக்குத் தரையும் துணையில்லை, சுவரும் துணையில்லை. கை எடுத்தால் விரிந்துவிடும். அந்தக் கால்மணி நேரத்துக்கு வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பெரியம்மை சொல்லிக் கொடுத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஐந்து வயதுப் பேரன் ஏதோ கேட்க ஓடிவந்தான். பாட்டியின் கையைப் பார்த்தான். பெட்டி பாதி எழுந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் குத்தவைத்துவிட்டான்.

“என்ன மக்கா?”

“நாலாம் மூல திரும்பட்டும், பாட்டி.”

அவ்வளவு சின்னப் பிள்ளை, பாட்டியின் வேலையை அவ்வளவு அருகில் நின்று பார்த்திருக்கிறது.

எனக்கு அந்த அறிவு வரத் தாமதமாயிற்று. இரண்டாம் நாள் இரவு, நானும் ஒரு கொட்டான் முடைகிறேன் என்று உட்கார்ந்தேன். இரண்டு மூலை திருப்பிவிட்டேன். உள்ளேயிருந்து மதினி, “பால் பொங்குது, அடுப்ப அமத்தும்மா” என்றாள். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு மணி நேர வேலை பூ விரிந்ததுபோல விரிந்து கிடந்தது. அழுகை வந்துவிட்டது. பெரியம்மை ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீவி, என் முன்னால் மறுபடி அடுக்கினாள்.

“கூப்பிட்டா உடனே எந்திரிக்கப்பிடாது மக்கா. கைய முடிச்சிக்கிட்டு எந்திரி.”

“பால் பொங்கிட்டிருந்தது, பெரியம்மா.”

“பொங்கட்டும். பொங்குன பால் ஒரு உழக்கு. நீ ரெண்டு மூச்சு நின்னு இந்த ஓலைய இதுக்குள்ள சொருகிட்டுப் போயிருந்தா ரெண்டும் தப்பிச்சிருக்கும்.”

அவள் காட்டியது ஒரு சிறிய அசைவு. எழும்போது, கடைசியாகக் கோத்த இலக்கின் நுனியைப் பின்னால் மடக்கி, இரண்டு கட்டம் தள்ளி ஓர் ஓலைக்கு அடியில் செருகிவிடுவது. அதற்குப் பெயர்கூட இல்லை. “கைய முடிக்கது” என்பாள், அவ்வளவுதான். திரும்பி வந்ததும் செருகலை உருவிவிட்டுத் தொடர்கிறாள். மடக்கிய இடத்தில் தழும்பு விழக்கூடாது என்பதற்காக ஓலையை நகத்தால் அழுத்தி மடக்குவதில்லை, விரலின் தசைப்பகுதியால் வளைத்து விடுகிறாள். அதனால்தான் பதினொரு தடவை எழுந்தும் பெட்டியில் பதினொரு தழும்பு இல்லை. எழுந்திருப்பதையே வேலையின் ஒரு பகுதியாகக் கற்றுவைத்திருக்கும் கை அது. யாரும் குறுக்கிடாத அறையில் உட்கார்ந்து நுட்பமாக வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும்; அவர்கள்மேல் மதிப்பும் உண்டு. ஆனால் அந்த ஒரு செருகலைப் பார்த்தபோது வந்த வியப்பு வேறு எங்கும் எனக்கு வந்ததில்லை.

இன்னொன்று அவளுடைய காது. பதநீர் காயும்போது ஒருவர் வட்டைப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அடுப்பின் அனல் ஓலைக்கு ஆகாது, ஆகவே பெரியம்மை தள்ளி, திண்ணைத் தூணோரம், அடுப்புக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். துடுப்பு மதினி கையில். ஆனால் பதம் சொல்வது பெரியம்மைதான், திரும்பிப் பார்க்காமல். முதலில் மழைத்தண்ணீர்போல சளசளவென்று சத்தம். நுரை பொங்கி வரும்போது சத்தம் அடங்கி ஒரு மூச்சுப்போல ஆகும். அந்த நேரத்தில் “முத்தத் தட்டிப் போடு” என்பாள். ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் பொங்கல் தணியும். பிறகு வெகுநேரம் ஒரே மாதிரி கொதி. கடைசியில் குமிழி கனத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, தொளக்... தொளக்... என்று உடையும். கையில் ஓலை கோத்துக்கொண்டே, “இப்பப் பாரு” என்பாள். மதினி ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பாள். உருண்டு நிற்கும். நான் இருந்த பத்து நாளில் ஒருநாளும் அந்தச் சத்தக்கணக்கு பிசகவில்லை. கை ஓலையில், கால் தூளிக்கயிற்றில், காது வட்டையில், வாய் பேரனோடு. இதை ‘பல வேலை ஒரே நேரத்தில்’ என்று பெயர் வைத்து இப்போது பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் போதவில்லை. நாலும் ஒரே கவனத்தின் நாலு கிளைகளாகத்தான் தெரிந்தன.

மதினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியின் நயத்தைப் பேசும்போது முடைந்தவரை மட்டும் பாராட்டினால் பாதியை விட்டதாகிவிடும். கல்யாண ஆர்டர் இருக்கும் நாட்களில் மதினி மாமியாரைச் சமையலறைப் பக்கம் விடமாட்டாள். குழம்புக்கு உப்புப் பார்க்க மட்டும் திண்ணைக்கே உள்ளங்கையில் கொண்டுவந்து காட்டுவாள். பெரியம்மையும், மதினி அம்மா வீட்டுக்குப் போகும் நாட்களில் ஓலையைத் தொடவே மாட்டாள். துணியில் சுற்றி மூலையில் வைத்துவிட்டு வட்டைக்கு முன்னால் போய் நிற்பாள். இருவரும் இதைப் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஒருத்தி ஓலையை எடுத்தால் அடுத்தவள் துடுப்பை எடுக்கிறாள். முடைச்சலில் ஓர் ஓலை மேலே வரும்போது மற்றது கீழே போகிற மாதிரியேதான். இந்த ஒப்புமையை நான் யோசித்து எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டன.

சுவர் வேண்டிய உயரம் வந்ததும் வாய். சாதாரணப் பெட்டியில் அங்கேயே ஓலையை மடக்கி நாரால் பொத்திவிடுவார்கள். நல்ல பெட்டியில் வேலை அங்கே பாதிதான் முடிகிறது. வாய்வரை ஏறிவந்த ஒவ்வோர் இலக்கையும் வெளிப்பக்கமாக மடக்கி, ஏறிய சுவரின் மேலேயே, ஏறிய வழியை ஒட்டியே கீழே இறக்கிக்கொண்டு போகிறாள். மேலே போன ஓலையே கீழே வருகிறது. ஆகவே சுவர் இரட்டை. அரிசி போட்டாலும் உமி போட்டாலும் சிந்தாது. வாயின் விளிம்பில் வெட்டுவாய் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மடிப்பு. விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். இறங்கிய இலக்குகள் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்து, அங்கே ஒன்றுக்குள் ஒன்று செருகி, மிஞ்சிய நுனி நறுக்கப்படும். நறுக்கியது தெரிகிற ஒரே இடம் பெட்டியின் அடிதான். பெட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத்தைப் பார்க்கிறார்கள், மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். தெரிந்தவர்கள் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். நறுக்கு ஓலைக்கு அடியில் ஒளிந்திருந்தால் முடைந்தவள் அவசரப்படவில்லை என்று அர்த்தம்.

இப்போது அந்த வாடாமல்லி வரிக்கு வருகிறேன். சாயத்தைக் கொதிக்கவைத்து ஓலையை அதில் முக்கி எடுப்பார்கள். என் பெட்டியில் இருக்கும் இரண்டு வரியும் முதல் பார்வைக்கு ஒரே நிறம். பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் வைத்து, ஒரு சுற்று மெதுவாகத் திருப்பினால், கீழ்வரியில் ஓரிடத்தில் மூன்றே மூன்று இலக்கு மட்டும் ஒரு பொட்டு வெளிர். முதல் நாள் முக்கிய ஓலை மூன்று குறைந்துவிட்டது. மறுநாள் முக்கலாம் என்று வைத்திருந்தாள். மறுநாள் கொடை. வீடு நிறைய விருந்தாட்கள், வந்த பிள்ளைகளுக்கு ஓலையில் கிலுக்குச் செய்து கொடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது. பொடிக்கல் உள்ளே போட்டு, ஆட்டினால் கலகலக்கும் கிலுக்கு. ஒன்று செய்தால் ஒன்பது பேர் வரிசையில் நிற்பார்கள். மூன்றாம் நாள் சாயம் காய்ச்சியபோது தண்ணீர் கொஞ்சம் கூடிப்போயிற்று. அந்த மூன்று இலக்கையும் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. மூடியை மூடினால் அதன் விளிம்பு எந்தப் பக்கம் தாழ்ந்து வருமோ, அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். மூடி போட்டிருக்கும்போது யாருக்கும் தெரியாது. திறந்தவர்களுக்கும் சன்னலோரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பெட்டி முழுவதிலும் அந்த வீட்டின் கோடை தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போன இடம் அது ஒன்றுதான். எனக்குப் பிடித்த இடமும் அதுவே.

மூடி. அது தனிப்பெட்டி, பெட்டியைவிட இரண்டு ஓலைக்கனம் மட்டும் அகலம். அளவுகோல் கிடையாது. பெட்டியின் வாயைக் கவிழ்த்து வைத்து அதன்மேலேயே மூடியின் அடியை விரித்துப் பார்த்துக்கொள்கிறாள். சரியாக அமைந்த மூடியை அழுத்தக்கூடாது. வாயில் பொருத்தி விட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று சந்து வழியாக மெல்ல வெளியேற, மூடி தானே இறங்கும், தூங்கும் குழந்தையின் மூச்சுப்போல ஒரு சத்தத்தோடு. மேசையில் உட்கார்ந்து எழுதும்போது நான் சில சமயம் காரணமே இல்லாமல் திறந்து மூடுவேன், அந்தச் சத்தத்துக்காக.

செட்டிநாட்டுக் கொட்டான் நாடெங்கும் பெயர்பெற்றது. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஆச்சிமார் வளவில் உட்கார்ந்து கல்யாணச் சீருக்காக முடைந்த கைவேலை. வண்ணமும் பின்னல் வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கும். தேரிக்காட்டுப் பெட்டி அவ்வளவு அலங்காரமானதல்ல. கருப்பட்டிச் சிப்பம் கட்டிய கை, சுளகும் கடகமும் முடைந்த கை, அதே பழக்கத்தில் சீர்ப்பெட்டியும் முடைகிறது. அதன் அழகு மினுக்கத்தில் இல்லை, கட்டுக்கோப்பில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எதையும் தாழ்த்தச் சொல்லவில்லை. எனக்கு எங்கள் ஊர்ப் பெட்டிதான்.

பனை 1978-இலிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். நல்ல காரியம். விதை போட்ட பனை பாளை விட 15 ஆண்டுக்கு மேல் ஆகும். குருத்து அதற்கு முன்பே வடலியிலேயே கிடைக்கும். மரம் இருக்கும். நகத்தால் கிழிக்கத் தெரிந்த கை இருக்க வேண்டும் என்றால், அந்தக் கை இரண்டு நாள் உழைப்பதற்கு இரண்டு நாள் கூலியாவது வர வேண்டும். போன ஆண்டு ஒரு வியாபாரி 50 கொட்டான் சொல்லிவிட்டுப் போய், பிளாஸ்டிக் கூடை மலிவாகக் கிடைத்தது என்று 20-ஐ மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி 30 பரணில் இருக்கிறது. பெரியம்மை அதைப் பற்றிப் பேசுவதில்லை. மதினிதான் சொன்னாள், தூசி தட்டிக்கொண்டே.

கிளம்புகிற அன்று பெரியம்மையிடம் கேட்டேன்: “இவ்வளவு வேலைக்கு நடுவுல எப்படி பெரியம்மா முடையிறீங்க?”

அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. “நடுவுலதான் முடைய முடியும் மக்கா. வேற எப்ப?” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொன்று சொன்னாள். அதை அவளுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

உங்கள் வீட்டில் வைகாசியில் கல்யாணம் என்றால், ஓலைப்பெட்டி வேண்டும் என்று நினைத்தால், சித்திரை கடைசியில் வந்து நிற்காதீர்கள். மாசியிலேயே சொல்லிவிடுங்கள். மாசியில் வெயில் ஏறியிருக்காது, ஓலையில் ஈரம் நிற்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், பதநீர் வேலை இன்னும் முழுமூச்சாக வந்திருக்காது. பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். சொன்ன எண்ணிக்கையை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒரு பெட்டியையாவது கவிழ்த்து அடியைப் பாருங்கள். முடைந்தவள் பக்கத்தில் நின்றால், நீங்கள் பார்த்ததை அவள் பார்ப்பாள்.